கணக்கு வகுப்பின் இலக்கு யாது?



சூன் திங்களில் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இரண்டு திறப்புகள் உண்டு. அணையில் நீரிருப்பின் முல்லைப் பெரியாற்று நீர் முதற்போகத்திற்குத் திறந்து விடப்பெறும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக் கதவுகள் திறக்கும். நீர் திறக்கும் நாளில் உழவர் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. நொடிக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு? கடைமடைக்கு எட்டுமா? பள்ளி திறக்கும் நாளில் அத்தகைய கேள்வி ஒன்றும் எழுவதில்லை. "பிள்ளை கணக்கில் தேறி விடுவானா?" என்று பெற்றோர் கேட்பர், "தேற்றி விடலாம்" என்று ஆசிரியர் விடையிறுப்பர். அத்துடன் பேச்சு முடிந்தது. வகுப்பில் என்ன நடக்க வேண்டும் என்பதை இருவருமே பேசவில்லை.

தேற்றி விடுதல் என்பது எங்ஙனம் நடக்கின்றது? 2019-இல் பத்தாம் வகுப்புப் புதுப் பாடநூல் வந்தபின் அமைந்த வினாத்தாளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணுக்கு 10. ஐந்து மதிப்பெண்ணுக்கு 10. இறுதியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு. ஆக 100. அவ்விறுதி இரண்டில் ஒன்று கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைவது. மற்றொன்று வரைபடத் தாளில் புள்ளி குறிப்பது. தேற 35 போதும். ஒரு மதிப்பெண் விடைகளை உருப்போட்டால் 14, வரைவதைக் கைப்பழக்கமாக்கினால் 16, ஆக 30. மீதி ஐந்தை எங்கேனும் பொறுக்கிக் கொள்ளலாம். 'மெல்லக் கற்போர்' என்று பெயரிடப்பட்ட பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஊட்டப்படும் கணக்கு பெரும்பாலும் இவ்வளவே. தொடுகோடு வரையத் தெரிந்த கைக்கு, தொடுகோடு ஏன் ஆரத்திற்குச் செங்குத்தாக நிற்கின்றது என்பது தெரியாது. ஏப்பிரல் பிறக்குமுன் கையும் மறந்துவிடும்.

இதற்கு ஆசிரியரைப் பழிப்பது முறையன்று. தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு மேலிருந்து ஓலை வருகின்றது. அவர் தம் கடமையென அதற்கு விடையளிக்கின்றார். ஆனால் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தும் பிள்ளைக்கு வாழ்நாளில் கிடைக்கும் கணக்கு வகுப்பு இதுவே கடைசி. அப்பிள்ளைக்குக் கொடுத்தனுப்பியது முப்பத்தைந்து மட்டுமெனின், பத்தாண்டுப் பள்ளி வாழ்க்கையில் கணக்கு என்னும் பெயரால் நடந்தது என்ன?

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005-இல் வகுக்கப்பட்டபோது, கணக்குக் கல்விக்கென அமைந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். இராமானுசம். எண்ணறிவும் அளவறிவும் தருவது குறுகிய இலக்கு என்றும், பிள்ளையின் சிந்தனையையே கணக்கு வழிப்பட்டதாக ஆக்குவது உயர்ந்த இலக்கு என்றும் அக்குழு பிரித்துக் காட்டியது. பள்ளிக் கணக்கின் சிக்கல்களுள் முதலாவதாக அது எடுத்துச் சொன்னது அச்சத்தையும் தோல்வியுணர்வையும். பாடத்தின் கடுமையை விட அச்சத்தை முன்னிறுத்திய அந்த வரிசை சரியானதே.

தமிழர்க்கு அவ்வுயர்ந்த இலக்கு புதிதன்று. சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது. எண்ணுதல் என்றால் தொகை காணுதல்; எண்ணுதல் என்றால் நினைத்தல். இரண்டுக்கும் ஒரே வினை. எண்ணாமல் எண்ணுவது எப்படி என்று இந்நாளைய வகுப்பறை மட்டுமே கண்டுபிடித்திருக்கின்றது!

இனி, இவ்வூர் நீரையே கணக்காக எடுத்துக் கொள்வோர் என்ன காண்பர் என்று பாருங்கள். 1895 அக்தோபரில் பெரியாற்று அணை திறக்கப்பட்டது முதல், மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வருகின்றது. பள்ளத்தாக்கில் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்பதை ஏட்டைப் பாராமலே சொல்லும் உழவர் இங்குப் பலர். பாசனத்திற்கு நொடிக்கு 200 கன அடி விடுகின்றனர் என்று வைத்துக் கொள்க. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆகவே நாளொன்றுக்கு 1,72,80,000 கன அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடியாக, நிலப்பரப்பு ஏறத்தாழ 64 கோடிச் சதுர அடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.027 அடி. பன்னிரண்டாற் பெருக்கினால் மூன்றிலொரு விரலத்திற்குச் (அங்குலம்) சற்றுக் குறைவு.

இவ்வளவுதானா என்று பிள்ளைகள் வியப்பர். அவ்வளவு பெரிய அணை, அவ்வளவு பெரிய மலை, வயலில் நாளுக்கு மூன்றிலொரு விரலம்! இங்கே வகுப்பை முடித்து விடுபவர் விடை கண்டவர். கணக்கு வகுப்பு நடத்தியவர் ஆகார். விடைக்குப் பின்புதான் கேள்விகள் வரும். எல்லா வயலுக்கும் நீர் ஒரே சீராகப் பரவியது என்று எடுகோள் கொண்டோமே, அது மெய்யா? வாய்க்காலில் ஊறிப் போவது எவ்வளவு? வெயில் குடிப்பது எவ்வளவு? தலைமடைக்காரர் அரை விரலம் எடுத்துக் கொண்டால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்? நிரவல் (சராசரி) என்பது ஒருவன் நிறைவையும் மற்றொருவன் குறைவையும் ஒருங்கே மறைக்க வல்லது என்று பதினைந்து அகவைப் பிள்ளை இவ்விடத்தில் அறிந்து கொண்டால், புள்ளியியற் பாடம் உண்மையிலேயே நடந்ததாகப் பொருள். 120 நாளைக்கு அதே அளவு விட்டால் மூன்றேகால் அடி நீர். மழை எவ்வளவு தந்தது என்று அதனோடு கூட்டிப் பார்க்கத் தாமாகவே கேட்பர். இதில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய வாய்பாடு ஒன்றும் இல்லை.

மற்றொரு கணக்கு வீட்டு வாயிற்படியில் இருக்கின்றது. தண்டற்காரர் 10,000 உருபாவுக்குச் சீட்டு எழுதி, 1,000-ஐ முன்னரே பிடித்துக் கொண்டு 9,000 கையில் தருகின்றார். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துத்தான்" என்பது அவர் சொல். தாய்மாரும் அப்படியே நம்புகின்றனர். முதற்கண், கையில் வந்தது 9,000. அதற்கு 1,000 வட்டியெனின் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல். அது சிறிய வேறுபாடு. பெரிய வேறுபாடு இனித்தான். அந்த 9,000 நூறு நாளும் கையில் இருந்ததா? இல்லை. மறுநாளே கட்டத் தொடங்கியாயிற்று. முதல் நாள் 9,000, கடைசி நாள் ஒன்றுமில்லை. நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்து வருவது, பத்தாம் வகுப்புப் பாடநூலில் உள்ள கூட்டுத் தொடர்வரிசையே. ஆகவே நிரவலாகக் கையில் நின்ற கடன் ஏறத்தாழ 4,500. அதன்மேல் 1,000 வட்டி என்றால் நூறு நாளைக்கு நூற்றுக்கு 22. ஆண்டுக்கு 365 நாள், 22-ஐ 3.65-ஆற் பெருக்குக. எண்பது வரும்.

பத்து என்று சொல்லி எண்பது வாங்கப்படுகின்றது. இந்த ஒரு கணக்கைத் தன் தாய்க்கு அடுப்படியில் உட்கார்ந்து விளக்கக் கூடிய பெண்பிள்ளை, தேர்வில் எத்தனை வாங்கினாள் என்று யாரும் கேட்க வேண்டுவதில்லை. கடன் வாங்காமல் இருக்க அவளால் இயலாது போகலாம். ஏல விலை வீழ்ந்த ஆண்டில், கொடிமுந்திரி (திராட்சை) மழையில் வெடித்த ஆண்டில், கடன் வாங்கியே ஆக வேண்டும். ஆனால் கூட்டுறவு வங்கிக்கு நடப்பதா, தண்டற்காரருக்குக் கைநீட்டுவதா என்று தெரிந்து முடிவெடுப்பாள்.

இவ்வாறு எண்ணுவதற்கு மொழி வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டுப் பெருகின. பெற்றோர் ஆவல் புரியாததன்று. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஏக்கமே அது. ஆயினும் 'இருபடிச் சமன்பாடு' என்ற சொல்லைப் பாருங்கள். இரண்டு படி, சமன் செய்வது. 'நிகழ்தகவு' என்ற சொல்லை எடுத்துக் கொள்ளுங்கள். நிகழ்வதற்கு உள்ள தகவு. சொல்லே பாதி பாடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றது. இலத்தீனில் வேர் கொண்ட பெயர்களை வேர் தெரியாமல் ஒப்பிக்கும் பிள்ளை, கணக்கு அச்சத்தோடு மொழி அச்சத்தையும் சேர்த்துச் சுமக்கின்றது. இதில் தமிழ்வழி வகுப்பும் தப்பிக்க வேண்டா. 'ஆயத்தொலை' என்ற சொல்லை விளக்காமலே பாடத்திற்குள் புகும் ஆசிரியரிடம் அது தமிழாக இருந்தும் பயனில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டுதல் கணக்காசிரியர் வேலையும் ஆகும்.

பழம்பெருமை பேசுவோர்க்கும் இங்கு ஒரு சொல். முந்திரி என்பது 320-இல் ஒன்று; கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. இத்துணை நுண்ணிய பின்னங்களுக்குப் பெயர் வைத்திருந்த மொழி இது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பெயர்களை ஒப்பிப்பது கணக்கறிவு ஆகாது. எண்சுவடி சொல்லிக் கொடுத்த திண்ணைப் பள்ளி நினைவாற்றலைப் பிரம்பால் வளர்த்தது; பெண்களையும் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளையும் பெரும்பாலும் திண்ணையேற விடவில்லை. அதை மறைத்துப் பேசுவது பெருமையாகாது.

காரிநாயனார் செய்த கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தைப் பிளவாமலே சுளைத் தொகை கூறும் வழி ஒன்றுண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். மேடைகளில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவோர் உண்டு. ஒருவராவது பழத்தை அறுத்து எண்ணிப் பார்த்ததுண்டா? பலா கிடைக்கும் பருவத்தில் வகுப்புக்குப் பத்துப் பழம் கொண்டு வந்து, முள்ளை எண்ணி, விடையை எழுதி வைத்து, பின்னர் அறுத்துப் பாருங்கள். ஒத்து வந்தால் ஏன் என்று கேட்கலாம். ஒவ்வாவிடின் எவ்வளவு பிழை என்று அளக்கலாம். முன்னோர் சொன்னது என்பதற்காக ஒப்புக் கொள்ளாத பிள்ளை, பாடநூல் சொன்னது என்பதற்காகவும் ஒப்புக் கொள்ளாது. சுளை எப்படியும் வீணாகாது.

ஆசிரியரிடம் பிள்ளைகள் எதிர்பார்க்க வேண்டுவது ஒன்றே: பிழையான விடைக்கும் வழியைக் கேட்டறியும் பொறுமை. "தவறு, உட்கார்" என்ற இரு சொற்கள் கெடுத்த பிள்ளைகள் பலர். பிள்ளைகளிடம் ஆசிரியர் எதிர்பார்க்க வேண்டுவன சில உள. கணக்கைச் செய்யுமுன் விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படிக்கும் கரணியம் எழுத வேண்டும். புரியவில்லை என்பதை வெட்கமின்றிச் சொல்ல வேண்டும். வேகம் எதிர்பார்க்கத் தக்கதன்று. விரைந்து விடை சொல்லும் நால்வரை வைத்துக் கொண்டு மீதி முப்பத்தாறு பேரை விட்டுச் செல்லும் வகுப்புகள் போதும். பள்ளி ஆசிரியர் பி.கே. சீனிவாசன் கணக்கு மன்றங்களால் பிள்ளைகளைத் தாமே கண்டறியச் செய்தார். 1993-இல் சென்னை இராயபுரத்தில் இராமானுசனுக்கு ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். ஒவ்வொரு பிள்ளையும் இராமானுசன் ஆக வேண்டும் என்று அதற்குப் பொருளன்று.

பெற்றோர்க்கு: "எனக்கும் கணக்கு வராது, உனக்கு எங்கே வரும்" என்று பிள்ளை முன் சொல்லாதீர்கள், பெண்பிள்ளை முன் ஒருபோதும் வேண்டா. எழுதப் படிக்கத் தெரியாமலே ஏலக்காய் எடைக்கும் கூலிக்கும் வாய்க்கணக்குப் போடும் தாய்க்குக் கணக்கு வராது என்று சொன்னவர் யார்? விடியுமுன் சிற்றுந்தில் நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, இருட்டியபின் இறங்கும் தாய் தந்தையர் வீட்டுப் பாடத்தை உடனிருந்து பார்க்க இயலாது. அதனால் அத்தகைய வீட்டுப் பிள்ளைகளின் பயிற்சி பள்ளி நேரத்திலேயே முடிய வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் கணக்கு, கேட்டு வருவதாகவும் அளந்து வருவதாகவும் இருக்கட்டும்.

முதல் வாரத்திற்கு அப்படி ஒன்று சொல்லலாம். நீர் திறந்த மறுநாள் நாளிதழில் நொடிக்கு எத்தனை கன அடி என்று செய்தி வரும். அதை வெட்டி எடுத்து வாருங்கள். வீட்டில் தண்டல் அட்டை இருந்தால், பெயரை மறைத்து அதையும் பார்த்தெழுதி வாருங்கள்.