வேன் வரும் முன் ஒரு கிண்ணம்
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பள்ளி வேன் ஹாரன் அடித்ததும் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடும் பிள்ளைகள் நம் எல்லா பிளாக்கிலும் உண்டு. பசியோடு உட்காரும் பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்?

இரவே இரண்டு வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் அதோடு அரை கப் தயிர், இரண்டு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்து மிக்ஸியில் கெட்டியாக அடியுங்கள். கிண்ணத்தில் எடுத்து, மேலே மாதுளை முத்து, பப்பாளித் துண்டு தூவுங்கள். சர்க்கரை வேண்டாம், பழத்தின் இனிப்பே போதும்.

வேர்க்கடலை வெண்ணெயைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கடலையை வறுத்து, ஆறவைத்து, தோல் நீக்கி, விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு தானே எண்ணெய் விட்டு விழுதாகும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. 100 கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.

பூஞ்சை பிடித்த கடலையைக் கொட்டிவிடுங்கள். அதில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு இருக்கலாம். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சிலருக்குக் கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்து. ஆகவே, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் அதன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாளைக்கே செய்து பாருங்கள்.