முதல் படத்தில் இருப்பவர்



'காட்டைக் காக்கும் கருவிகள்'னு இந்த வாசகர் வட்டத்துல எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்காங்க. மோனைக்கு ஆசைப்பட்டுக் கொடுத்தாங்களான்னு தெரியல. ஆனா மதுக்கரையில நின்னுக்கிட்டு இதைப் பேசறப்ப ரயிலை விட்டுட்டுப் பேச முடியுமுங்களா? 2021 நவம்பர் 26, ராத்திரி, நவக்கரைப் பக்கம். மங்களூர்ல இருந்து சென்னை போற வண்டி. மூணு யானை அடிபட்டுச் செத்துச்சு. உங்கள்ல பாதிப் பேர் மறுநாள் போய்ப் பார்த்திருப்பீங்க, நான் விவரிக்க வேண்டாம். 2008-லிருந்து கூட்டிப் பார்த்தா இந்த எட்டிமடை, வாளையார் தண்டவாளத்துல மட்டும் பத்துப் பதினோரு யானை போயிருக்கும்.

அதுக்கப்புறம்தான் விழிச்சாங்க. 7 கோடி ரூபாய்ச் சொச்சம் செலவு பண்ணி, 2024 பிப்ரவரியில 12 கோபுரம் நிறுத்தினாங்க. மேலே சாதாரணக் கேமராவும் இருக்கு, உடம்புச் சூட்டை வெச்சே ஆளைக் கண்டுபிடிக்கிற கேமராவும் இருக்கு. அதுக்கு அமாவாசை ஏது, பௌர்ணமி ஏது? யானை தண்டவாளத்துக்கு 150 மீட்டர்ல வந்தா ஒரு எச்சரிக்கை, 100-ல இன்னொண்ணு, 50-க்குள்ள வந்துட்டா சிவப்பு. கட்டுப்பாட்டு அறைக்குச் சேதி போகுது, அங்கிருந்து ரயில் ஓட்டுறவருக்குப் போகுது, வண்டி மெதுவாகுது. நல்ல காரியம். நானே குறை சொல்ல மாட்டேன்னா பார்த்துக்கோங்க!

சரி, சேதி வந்துருச்சு. யானை தண்டவாளத்துக்குப் பக்கத்துல நிக்குது. அதை உள்ள அனுப்பறது யாரு? கோபுரம் இறங்கி வந்து அனுப்புமா? ஒரு ஆள் போறாருங்க. கையில டார்ச், பையில ரெண்டு வெடி. அவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கு 'மேடையில உன் பேரு எப்படி வந்துச்சு'ன்னு அவரைத்தான் கேப்பாங்க. வேட்டைத் தடுப்புக் காவலர்னு வெச்சுக்குங்க. அவரைப் பத்தி அப்புறம் வர்றேன்.

அதுக்கு முன்னாடி புலிக் கணக்கைச் சொல்றேன். 2018 கணக்கெடுப்புல நாடு முழுக்க 26,838 இடத்துல கேமரா கட்டினாங்க. கின்னஸ்லயே ஏறிருச்சு. எடுத்த படம் எவ்வளவு? ஏறக்குறைய மூணரைக் கோடி! அதுல புலி இருக்கிற படம் 76,000 சொச்சம்தான். மிச்சமெல்லாம் மானு, மாடு, காட்டுப்பன்னி. இந்தக் கேமராவை ரெண்டு ரெண்டாக் கட்டணும், பாதைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஏன்னா புலிக்கு இடப்பக்கக் கோடு வேற, வலப்பக்கக் கோடு வேற. நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணுக்கு இருக்கிறது இன்னொண்ணுக்கு இருக்காது. நாகரஹொளேயில புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் இந்த முறையை எடுத்து வந்தப்ப, அதுவரைக்கும் காலடித் தடத்தை எண்ணிக்கிட்டிருந்தவங்க லேசுல ஒத்துக்கல.

கட்டறது யாரு? நம்ம ஆளுதான். முழங்கால் உயரத்துல மரத்தோட சேர்த்துக் கட்டி, பூட்டுப் போட்டு, முன்னாடி இருக்கிற புல்லை அரிவாளால செதுக்கிவிடணும். இல்லேன்னா வெயில்ல புல்லு ஆடறதையே ஐநூறு படம் எடுத்து வெச்சிருக்கும். அப்புறம் சோதனை. எப்படித் தெரியுமுங்களா? மனுஷன் கையையும் காலையும் ஊன்றி, புலி மாதிரியே கேமரா முன்னாடி நடந்து போவார்! சிரிக்காதீங்க. விளக்கு மினுக்குனு எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம். எரியலேன்னா மறுபடி நாலு காலு. கடைசியா, கேமரா எண்ணும் தேதியும் எழுதின தாளைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ல நிப்பார். அப்போ அந்தக் கேமராவுல முதல் படம் யாரோடது? புலியோடதா? இவரோடதுங்க! பத்திரிகையில எந்தப் படம் வந்துச்சு?

(கைதட்டல்)

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. சம்பளம் போடறவங்க காதுல விழட்டும்.

இப்படித்தான் ஒரு கூட்டத்துல ஒரு பெரிய மனுஷர் பேசினார். மலையடிவாரத்துல சொகுசு விடுதி வெச்சிருக்கிறவர். "எல்லா யானைக்கும் ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிட்டா பிரச்சினை தீர்ந்துது"ன்னார். ஐயா, மாடு வாங்கி மணி கட்டற வேலையா அது? மயக்க ஊசி போடணும், கும்கி வரணும், டாக்டர் வரணும், யானை உயிருக்கும் ஆபத்து, ஆளு உயிருக்கும் ஆபத்து. யானை போற ஓடையை மறிச்சு உங்க விடுதிச் சுவர் நிக்குதே, முதல்ல அதுக்கு மாட்டுங்க ஒரு பட்டை!

அரிக்கொம்பன்னு ஒரு யானை, அது கழுத்துல பட்டை இருந்துச்சே! சின்னக்கானல்ல பிடிச்சு, பட்டை மாட்டி, பெரியாறு காட்டுல விட்டாங்க. ஒரு மாசம் ஆகல, 2023 மே 27, கம்பம் தெருவுக்குள்ள வந்து நின்னுச்சு. பட்டை எங்க இருக்கான்னு சொல்லும், எங்க போகணும்னு சொல்லாது. அதுல ஒரு தம்பி படம் எடுக்கறேன்னு ட்ரோனைப் பறக்கவிட, யானை மிரண்டு ஓடுச்சு. வழக்குப் போட்டாங்க. அதுவும் தொழில்நுட்பம்தான், இதுவும் தொழில்நுட்பம்தான். யார் கையில இருக்குங்கறதைப் பாருங்க.

வால்பாறைக்கு வாங்க. தேயிலைத் தோட்டத்துல யானை அடிச்சுச் செத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அங்க யானை நிக்குதுன்னே தெரியாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்து போவாங்க, வளைவுல நிக்கும். யானை ஆராய்ச்சியாளர் ஆனந்த குமாரும் அவரோட இருந்தவங்களும் என்ன பண்ணினாங்க? கேபிள் டிவியில யானை எங்க நிக்குதுன்னு கீழே ஒரு வரி ஓடவிட்டாங்க. அப்புறம் போனுக்குக் குறுஞ்செய்தி. அப்புறம் மேட்டுல சிவப்பு விளக்கு, போன் போட்டா எரியும். அதை எரியவிடறது தோட்டத்துச் சனங்களேதான்! சாவு குறைஞ்சுது. 2015-ல ஆனந்த குமாருக்கு லண்டன்ல விட்லி விருது கொடுத்தாங்க. ஒரு கோபுரம் கிடையாது, ஏழு கோடி கிடையாது.

விழாத் தலைவர் சீட்டு அனுப்பிட்டார். முடிச்சுடறேனுங்க. முன்னாடி சொன்னேனே, அந்த வேட்டைத் தடுப்புக் காவலர், அவர் பத்துப் பதினஞ்சு வருஷமாத் தற்காலிகம். தொகுப்பூதியம். கேமரா உடைஞ்சா விளக்கம் கேக்கறாங்க, இவர் கால் உடைஞ்சா யாரும் கேக்கறதில்லை. இந்த வாசகர் வட்டம் வருஷா வருஷம் தீர்மானம் போடும். நூலகத்துக்கு மின்விசிறி கேப்பீங்க, கேளுங்க. கூடவே வேட்டைத் தடுப்புக் காவலர்களை நிரந்தரம் பண்ணுன்னு ஒரு வரி சேருங்க. நான் முன்மொழியறேன். வழிமொழிய யாரு? அதோ, மஞ்சள் சேலை கட்டின அம்மா கையைத் தூக்கிட்டாங்க. செயலாளர் ஐயா, எழுதிக்குங்க.