பூங்காவின் ஒரு மூலை



புதிதாக மனைப்பிரிவு போடும் இடங்களில் பூங்காவுக்கென்று கொஞ்சம் நிலம் ஒதுக்குகிறார்கள். அது பெரும்பாலும் என்ன ஆகிறது? சுற்றிலும் பேவர் பிளாக், நடுவில் புல்தரை, ஓரத்தில் வரிசையாகக் குரோட்டன்ஸ். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். தேனீக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்தப் பூங்காவில் ஒரு மூலையைக் குடியிருப்போர் சங்கம் பூச்சிகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். இரண்டு சென்ட் இருந்தால்கூடப் போதும்.

பூச்சி எதற்கு என்பவர்கள் மாடித் தொட்டியில் பூத்திருக்கும் கத்தரியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஊதாப் பூவின் நடுவே மஞ்சளாகக் குவிந்து நிற்பவை மகரந்தப் பைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஊசிமுனை அளவுக்குத்தான் துளை. தச்சன் தேனீ வந்து அந்தப் பைகளை இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே உடம்பை அதிர வைக்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும், மகரந்தம் பொடியாகக் கொட்டும். நீலப் பட்டை போட்ட ஒரு குட்டித் தேனீயும் இதைச் செய்யும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை கைவராது.

ஆவாரம்பூவும் இதே ரகம்தான். அதில் தேன் கிடையாது. வருகிற தேனீக்குக் கூலி மகரந்தம் மட்டுமே. நாம் கருவண்டு என்று சொல்லிப் பயப்படுகிற தச்சன் தேனீ ஆவாரையைத் தேடி வரும். வந்தது அப்படியே உங்கள் கத்தரிக்கும் போகும்.

ஆவாரையோடு நொச்சி, துளசி, தும்பை வையுங்கள். இடமிருந்தால் ஒரு புங்கன். கோடையில் புங்கன் பூத்தால் மரமே ரீங்காரமிடும். தும்பைக்கு நர்சரியில் அலைய வேண்டாம், காலி மனையில் காய்ந்து நிற்கும் செடியைப் பிடுங்கி வந்து உதறினால் அடுத்த மழைக்கு முளைத்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிக்குப் பூ மட்டும் போதாது. முட்டையிட இலை வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. கறிவேப்பிலை அழகிக்கு, பெயரே சொல்கிறதே, கறிவேப்பிலை. அதன் புழு சின்னதாக இருக்கும்போது காக்கை எச்சம் மாதிரியே இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், தொடவே தோன்றாது. வளர்ந்தபின் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறத்தில் ஒரு கவட்டையை நீட்டும், குப்பென்று ஒரு வாடை அடிக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

சிக்கல் பெரியவர்களிடம்தான். 'என்ன சார், எருக்கஞ்செடி, புதர், இலையெல்லாம் ஓட்டை, பராமரிப்பே இல்லையா?' என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் நிச்சயம் எழுந்து கேட்பார். இலை ஓட்டையானால் தோட்டம் நன்றாக நடக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அவர் சொன்னால், அது நியாயம். அந்தச் செடியை வேலியோரம் உள்ளே தள்ளி வையுங்கள். எந்தச் செடி எந்தப் பூச்சிக்கு என்று ஒரு தகரப் பலகையில் எழுதி நட்டால் பாதி வாய் அடைபடும். களை எடுக்க வருகிறவரிடமும் முன்பே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் அவர் முதலில் பிடுங்குவது தும்பையைத்தான். உண்ணிச்செடியில் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று யாராவது அதைக் கொண்டுவந்தால் மட்டும் சம்மதிக்காதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளையே வளைத்துக்கொண்ட செடி அது.

தரை முழுக்கக் கல் பதித்துவிடாதீர்கள். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டித்தான் குஞ்சு பொரிக்கும். தச்சன் தேனீக்கு மூங்கில் துண்டு, காய்ந்த மரக்கட்டை இரண்டைக் கட்டித் தொங்கவிடலாம். பூச்சிமருந்து அந்த மூலைக்குள் வரவே கூடாது. கொசுப் புகை வண்டிக்குக் கொசுவென்றும் தேனீயென்றும் தெரியாது. பூங்காவைத் தாண்டும்வரை புகையை நிறுத்தச் சொல்லி உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, அங்கே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு.

நடுவதற்குப் புரட்டாசி தோது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிட்டால் முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும். நிலம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கும், அனுமதிக் கடிதத்தை ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள்.