அறிவிப்பைக் கிழிப்பதும் ஒரு வேலைதான்

(நம் சங்கக் கூட்டத்தில், குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம்மில் பலர் தினமும் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைக் கடந்து போகிறோம். அந்தப் பெயர் ஒரு காசநோய் மருத்துவமனையால் வந்தது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-ல் அதைத் தொடங்கினார். 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. அன்று காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவைதான் சிகிச்சை. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, எடையும் ஏறிவிடுகிறது. பிறகு எதற்கு இன்னும் நான்கு மாதம்? அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதியைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். "நாளை காலை 10 முதல் 12 வரை தண்ணீர் வராது" என்று ஒட்டுகிறோம். எல்லோரும் வாளியில் பிடித்து வைக்கிறார்கள். மறுநாள் அதைக் கிழிக்காவிட்டால்? ஊரிலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி வாளியைத் தேடுவார்.

செல்லுக்குள்ளும் இதே கதைதான். டி.என்.ஏ. என்பது பீரோவில் பூட்டி வைத்த மூலப் பத்திரம். தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்து வெளியே அனுப்புகிறது செல். அந்த நகலுக்குப் பெயர் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. 1961-லேயே இது கண்டுபிடிக்கப்பட்டது. நகலை எழுதுவது எவ்வளவு முக்கியமோ, வேலை முடிந்ததும் அழிப்பதும் அவ்வளவு முக்கியம்.

எல்லா நகலுக்கும் ஒரே ஆயுள் இல்லை. ரத்தச் சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. அதாவது பீரோவே போய்விட்டது. அதன் பிறகும் ஓரிரு நாள் அது ஹீமோகுளோபின் தயாரிக்கிறது. காரணம், அந்த நகல் நீண்ட நேரம் அழியாமல் தாங்கும். வேறு சில நகல்கள் அரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

ஆயுளை யார் முடிவு செய்வது? நகலின் தலைப்பக்கம் ஒரு தொப்பி, கடைசியில் 'ஏ' என்ற எழுத்தே வரிசையாக வரும் ஒரு வால். இரண்டும் காப்பு. முதலில் வாலை நொதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்கும். வால் குட்டையானதும் தொப்பி கழற்றப்படும். பிறகு நகலை ஓரத்திலிருந்து மென்று தின்ன வேறு நொதிகள் தயாராக இருக்கின்றன. சில நகல்களில் "என்னைச் சீக்கிரம் கிழி" என்ற குறிப்பும் உள்ளேயே எழுதியிருக்கும்.

அப்படிக் குறிப்புள்ள ஒரு நகல், டி.என்.எஃப். என்ற புரதத்துக்கானது. காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் வந்ததும், அதை விழுங்கும் வெள்ளை அணுக்கள் டி.என்.எஃப். சுரந்து மற்ற அணுக்களை உஷார்ப்படுத்தி, கிருமியைச் சுற்றி அரண் கட்டவைக்கின்றன. இது அளவோடு இருக்க வேண்டும். மிஞ்சினால் காய்ச்சல், உடல் உருகி இளைத்தல். அதனால் அந்த நகலின் குறிப்பைக் கண்டுபிடித்து அழிக்க வைக்க டி.டி.பி. என்று ஒரு தனிப் புரதமே இருக்கிறது. அது இல்லாத எலிகள் இளைத்து, மூட்டு வீங்கி அவதிப்பட்டதை 1996-ல் பார்த்தார்கள். குறைந்தாலும் ஆபத்துதான். முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்கு, உள்ளே அடங்கியிருந்த காசநோய் கிளம்பியது 2001-ல் வெளிவந்தது. அந்த ஊசிக்கு முன் டாக்டர் காசநோய்ப் பரிசோதனை கேட்டால், "எனக்கு மூட்டுவலிதானே" என்று வாதாடாதீர்கள்.

இப்போது கிருமியின் பக்கம். அதற்கும் தூது ஆர்.என்.ஏ. உண்டு. வளரும் காசநோய்க் கிருமியில் அந்த நகல் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குள் பாதியாகிவிடுகிறது என்று 2013-ல் அளந்தார்கள். நாம் சாப்பிடும் ரிஃபாம்பிசின் மாத்திரை, கிருமி புது நகல் எழுதும் இயந்திரத்தையே மடக்கிவிடும். பழையது அழிய, புதியது வராமல், கிருமி மடிகிறது.

ஆனால் பிராணவாயு குறைந்த இடத்தில் சில கிருமிகள் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிடும். அப்போது நகல்களை அழிப்பதையும் நிறுத்திவைக்கின்றன. அதே ஆய்வில், பிராணவாயு இல்லாத கிருமியில் நகல்கள் மிக நீண்ட நேரம் அப்படியே இருந்தன. புதிதாக அதிகம் எழுதாமல், பழையதை வைத்தே காலம் தள்ளும் கிருமியிடம் மாத்திரைக்குப் பிடி குறைவு. இது மட்டுமே காரணம் அல்ல. ஆனால் இருமல் நின்ற பிறகும் மாத்திரை தொடர வேண்டியது இப்படி உறங்குபவை மிச்சமிருப்பதால்தான். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. பாதியில் விட்டால் மிஞ்சியவை விழிக்கும், மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம்.

உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். நம் வளாகத்துக்கு வராது என்று சொல்ல முடியாது. ஆகவே சில வேண்டுகோள்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கோ காவலாளிக்கோ இந்த நோய் என்று தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்தவர் இருமலை மறைப்பார், அதுதான் நமக்கு ஆபத்து. சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாற அந்த முடிவு உதவியது.

பக்கத்து வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நான்காவது மாதத்தில் "இன்னும் முடியலையா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்குச் சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள்.