எந்த அணி நம் அணி?

புனேயில் வாழும் தமிழராகிய நாம் 2017ஆம் ஆண்டில் இனியதொரு தர்மசங்கடத்தில் அகப்பட்டோம். முதலாவது இந்திய மகளிர் கால்பந்து லீக்கின் புதுடில்லிச் சுற்றில் ஆடியவை ஆறே அணிகள். ஒன்று எஃப்.சி. புனே சிட்டி, மற்றொன்று தமிழகத்தின் ஜேப்பியார் கல்லூரி அணி. கைதட்டுவது பிறந்த மண்ணுக்கா, வாழும் ஊருக்கா?

இங்கே பிறந்த நம் குழந்தைகள் தயங்கவில்லை. புனேயையே "நம் அணி" என்றனர். நாமும் இசைந்தோம்.

2019இல் புனேக் கழகம் கலைந்தது. அவ்வாண்டே மதுரையின் சேது அணி லீக் கோப்பையை வென்றது, பூரித்தோம். ஆயினும் ஒன்றை உணர்ந்தோம்: தொலைவிலிருந்து வெற்றியைக் கொண்டாடலாம்; ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்வதற்கோ அண்டை வீட்டார்தாம் வேண்டும்.

நேயர்களே, உங்கள் ஊரில் பெண்கள் பந்தாடுகையில் சென்று அமருங்கள். அவ்வூர் உங்களுடையதாகும்.