ஒரு பானைச் சோறும் ஐந்து பருக்கையும்



உலையிலே சோறு கொதித்துக் கொண்டிருக்கின்றது. வெந்துவிட்டதா என்று அறிய விரும்பும் தாய், பானை முழுவதையும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அகப்பையில் சில பருக்கைகளை எடுத்து, விரலால் நசுக்கிப் பதம் பார்க்கின்றாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இந்தப் பழமொழியில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கின்றது. பதம் பார்ப்பதற்கு ஒரு வேளை உண்டு. சோறு குழைந்து போன பின்னர் பருக்கையை நசுக்குவதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

இன்று நாம் எடுத்துக் கொண்ட விடயம் இந்தப் பதம் பார்க்கும் கலையைப் பற்றியதே. பிறர் பயன்படுத்துவதற்காக ஒரு பொருளை ஆக்குவோர், அது அவர்களுக்கு உதவுமா, விளங்குமா என்பதை ஆக்கிக் கொண்டிருக்கும் போதே எவ்வாறு அறிந்து கொள்வது? கைத்தொலைபேசிச் செயலிகளையும் இணைய வழிச் சேவைகளையும் ஆக்கும் குழுவினர் இக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒரு முறை தம் ஆக்கத்தைத் திருத்தி வெளியிடுகின்றனர். நூற்றுக் கணக்கானோரைக் கண்டு, மாதக் கணக்கில் ஆராய்ந்து, தடித்த அறிக்கை ஒன்றை எழுதி முடிப்பதற்குள், ஆராயப்பட்ட பொருளே இரண்டு மூன்று முறை மாறிப் போய்விடுகின்றது. ஆகையால், ‘எங்களுக்கு நேரமில்லை’ என்று கூறி, யாரையும் கேளாமலே வெளியிட்டு விடுவோரும் உளர். நீண்ட ஆய்வு ஒரு முனை. ஆய்வே இல்லாமை மறு முனை. இவற்றுக்கு இடைப்பட்டது தான் சிக்கனமான பயனர் ஆய்வு. டொயோட்டா தொழிற்சாலைகளின் உற்பத்தி முறையைக் குறிப்பதற்கு 1988ஆம் ஆண்டு வழக்கில் வந்த ‘லீன்’ என்ற சொல்லையே இதற்கும் சூட்டியிருக்கின்றனர். வீண் செலவும் வீண் காத்திருப்பும் இல்லாதது என்பது அதன் கருத்து.

இதனைச் செயலிகளை வைத்தே விளக்கலாம். ஆனால் நம் மலைநாட்டிலே, உயிரோடு சம்பந்தப்பட்ட ஓர் ஆக்கம் இருக்கின்றது. அதனை வைத்து விளக்குவது பொருத்தமாக இருக்கும்.

பெரகலையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பெருந்தெருவில், தியலும நீர்வீழ்ச்சியை எட்டுவதற்கு முன்னர் கொஸ்லந்த வருகின்றது. அதற்கு அணித்தாயுள்ள மீரியபெத்த தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. பெற்றோரை மண் கொண்டது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். அந்த இடம் அபாயமானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் கூறியிருந்தது. அறிவித்தல் இருந்தது, மக்களும் அங்கேயே இருந்தார்கள். இந்த இரண்டு உண்மைகளுக்கும் இடையில் கிடக்கும் பள்ளம் எது என்பதுதான் நம் ஆய்வுக்குரிய வினா.

எச்சரிக்கை அறிவித்தலும் ஒருவர் ஆக்கி மற்றொருவர் பயன்படுத்தும் பொருளே. ஆக்குவோர் நகரத்துக் காரியாலயத்தில் இருக்கின்றனர். கொள்வோர் லயத்தில் இருக்கின்றனர். மழை விரைகின்றது, அதனால் ஆக்குவோரும் விரைய வேண்டியிருக்கின்றது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றர் என்றால் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றர் என்றால் வெளியேற்றம், ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம் என்று நம் நாட்டில் அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. அளவுகள் நல்லவை. ஆனால் அவை லயத்துக் கதவடியில் என்ன சொல்லாக வந்து சேர்கின்றன?

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து கொள்வோம். குழுவினர் இவ்வாறு ஒரு குறுஞ்செய்தி எழுதுகின்றனர்: ‘75 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழைவீழ்ச்சி பதிவாகியுள்ளமையால், சரிவுகளில் வசிப்போர் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இதை ஒரு கடதாசியில் எழுதி எடுத்துக் கொண்டு, கொழுந்து நிறுத்து முடிந்த மாலை வேளையில், ஒரு தாயாரிடம் வாசித்துக் காட்டுகின்றனர். ‘அம்மா, இது விளங்குகின்றதா?’ என்று கேட்கின்றனர். ‘நல்லா விளங்குதுங்க ஐயா’ என்கிறார் அவர். குழுவினர் மகிழ்ச்சியுடன் திரும்பி விடலாம். ஆனால் அந்த மறுமொழியில் ஆய்வு இல்லை. மரியாதை மட்டுமே இருக்கின்றது. கையில் கடதாசியுடன் வந்த உத்தியோகத்தரிடம் ‘விளங்கவில்லை’ என்று சொல்லும் பழக்கத்தைத் தோட்டம் அவருக்குக் கற்பித்ததில்லை.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். ‘அம்மா, இது இராத்திரி பத்து மணிக்கு வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். முதலில் என்ன செய்வீர்கள்?’ இப்போது அவர் சற்று யோசிக்கிறார். ‘என்ன செய்யிறதுங்க ஐயா, அவதானமாத்தான் படுத்துக்குவோம்’ என்கிறார்.

நேயர்களே, அந்த ஒரு மறுமொழியில் முழு அறிக்கையும் அடங்கியிருக்கின்றது. எழுதியவர் எழுந்து வெளியேறுங்கள் என்று நினைத்து எழுதினார். கேட்டவர் விழிப்பாகப் படுத்துக் கொள்ளுங்கள் என்று விளங்கிக் கொண்டார். அபிப்பிராயம் கேட்டால் மரியாதை கிடைக்கும். செயலைக் கேட்டால் உண்மை கிடைக்கும். இது சிக்கன ஆய்வின் முதல் விதி.

இரண்டாவது விதி, ஒரு முறைக்கு ஒரே வினா. எது பிழைத்தால் முழுக் காரியமும் பிழைத்துப் போகுமோ, அதனை முதலில் கேட்க வேண்டும். செய்தியின் நிறம் பச்சையா, மஞ்சளா என்பது பிறகு பார்த்துக் கொள்ள வேண்டிய விடயம். இந்தச் செய்தி வந்தால் கால்கள் நகருமா என்பதே முதல் வினா.

மூன்றாவது, பொருள் முழுமை பெறும் வரை காத்திராமை. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்ற போது, வீரர்களுக்கு அவர்தம் குடும்பத்தினர் குரற் செய்தி அனுப்புவதற்கு ஐ.பி.எம். நிறுவனத்தார் பன்னிரண்டு மொழிகளில் ஓர் ஏற்பாடு செய்தனர். ஜோன் கூல்ட் என்பவரும் அவருடைய தோழர்களும், கணினிக்குரிய நிரலை எழுதத் தொடங்கு முன்னரே, பயன்படுத்தும் முறையைக் கடதாசியில் அச்சிட்டுப் பலரிடம் காட்டினார்கள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உருளை ஒன்றை நடைகூடத்தில் நிறுத்தி வைத்துப் போவோர் வருவோரின் கருத்தை அறிந்தார்கள். கடதாசியில் கண்ட பிழையைத் திருத்துவதற்கு ஓர் அழிறப்பர் போதும்.

நான்காவது, சிலரே போதும் என்பது. யாக்கோப் நீல்சன், தோமஸ் லாண்டவர் என்னும் இருவர் 1993ஆம் ஆண்டு இதனைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்க்கும் ஒருவர், அதிலுள்ள குறைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 31ஐ வெளிப்படுத்துகின்றார். இரண்டாமவர் காட்டுவதில் ஒரு பகுதி நாம் ஏற்கெனவே கண்டதாக இருக்கும். ஐந்து பேரைப் பார்த்து முடிக்கும் போது நூற்றுக்கு 85 அளவில் வெளிவந்து விடுகின்றது. ஆகையால் பதினைந்து பேரை ஒரே தடவையில் பார்ப்பதை விட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, வேறு ஐந்து பேரைப் பார்த்து மீண்டும் திருத்தி, இவ்வாறு மூன்று முறை செய்வது மேல் என்பது நீல்சன் சொல்லும் வழி.

நம் உதாரணத்தையே தொடர்வோம். அன்று மாலையே செய்தி திருத்தப்படுகின்றது: ‘இன்றிரவு லயத்தில் தங்க வேண்டாம். இருட்டுமுன் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.’ மறுநாள் வேறு ஐவர். ‘பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கின்றது?’ என்று கேட்கிறார் ஒருவர். ‘எழுந்து நடக்க முடியாத எங்கள் பாட்டியை யார் தூக்குவது?’ என்கிறார் இன்னொருவர். ‘விடிந்ததும் பிரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாதே’ என்கிறார் மூன்றாமவர். அவர் சொல்வது அன்றைய நாட்சம்பளத்தை. இவற்றுள் ஒன்றேனும் எழுத்தைப் பற்றிய குறையாக இல்லை. எனினும் இவற்றுக்கு விடை காணாத எழுத்து எதற்கும் உதவாது.

இங்கேதான் ஐந்தாவது விதி முக்கியமாகின்றது. அந்த மறுமொழிகளைக் கேட்க ஓர் ஆய்வாளரை மாத்திரம் அனுப்பிவிட்டு மற்றவர்கள் காரியாலயத்தில் இருந்துவிடக் கூடாது. செய்தியை எழுதுபவர், தொலைபேசி வழியாக அனுப்புபவர், தீர்மானம் எடுக்கும் உத்தியோகத்தர் எல்லோரும் முறை வைத்து உடன் செல்ல வேண்டும். ஒருவர் பேச, மற்றொருவர் வாய் திறவாது குறிப்பெடுக்க வேண்டும். திரும்பும் வழியிலேயே, கண்டவை எவை, நாளை மாற்ற வேண்டியவை எவை என்று ஒரு பக்கத்தில் எழுதி முடிக்க வேண்டும். சாவியைப் பற்றி அறிக்கையில் வாசிக்கும் அதிகாரி அதனை மறக்கலாம். அந்தக் கேள்வியை நேரில் கேட்ட அதிகாரி மறக்க மாட்டார்.

நம் நாட்டுக்கு இது முற்றிலும் புதிதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர், லேர்ண்ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் சேர்ந்து, எச்சரிக்கைகளைக் கடைசிக் கிராமம் வரை கொண்டு செல்லும் கருவிகளை 32 கிராமங்களில் பரீட்சித்தன. செய்மதி வானொலியும் கைத்தொலைபேசியும் அக்கருவிகளுள் அடங்கும். மொறட்டுவையிலிருந்து செய்தி அனுப்பி, கிராமத்தவரைக் கொண்டே ஒத்திகை நடத்திப் பார்த்தார்கள்.

இனி இம்முறையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெய்தான். மூன்று பானைக்கு ஒரு சோறு பதமாகாது. கொழுந்தெடுக்கும் பெண், கைத்தொலைபேசியுடன் கொழும்பிலே கடை வேலை செய்து விடுமுறையில் வந்த வாலிபன், எழுத்தறியாத முதியவர் ஆகிய மூவரும் வெவ்வேறு பானைகள். ஒவ்வொரு பானைக்கும் தனியே பதம் பார்க்க வேண்டும். சிங்களம் பேசும் அயற்கிராமத்தில் பார்த்த பதம், தமிழ் பேசும் தோட்டத்துக்குச் செல்லாது. மேலும், ஐந்து பேரில் மூவர் தவறினார்கள் என்பதைக் கொண்டு நாட்டு மக்களில் நூற்றுக்கு அறுபது பேர் தவறுவார்கள் என்று கூறுவது பெரும் பிழை. எத்தனை பேர் என்று அறிவதற்கு வேறு ஆய்வு வேண்டும். ஏன் என்று அறிவதற்கே இது.

இவை எல்லாவற்றிலும் பெரிய எல்லை ஒன்று உண்டு. ‘நீங்கள் ஏன் இங்கிருந்து போகவில்லை?’ என்று லயத்தில் கேட்டால், ‘எங்கே போவது? எங்களுக்கு ஏது காணி?’ என்ற மறுமொழி வரலாம். மீரியபெத்த மக்களிற் பலருக்குப் பூணாகலைப் பக்கத்து மக்கல்தெனிய தோட்டத்தில் வீடுகள் கையளிக்கப்பட்டது 2016ஆம் ஆண்டில், மலை சரிந்ததற்குப் பின்னர். காணியில்லாமையை எந்தச் சொல்லைத் திருத்தியும் தீர்க்க இயலாது. நல்ல ஆய்வாளன் அந்த இடத்தில் செய்தியைத் திருத்துவதை நிறுத்தி விட்டு, ‘நாம் ஆக்க வேண்டிய பொருள் குறுஞ்செய்தி அன்று, வீடு’ என்று தன்னை அனுப்பியவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவு இல்லையென்றால் ஐந்து பேரைக் கேட்டதும் வீண். ஐயாயிரம் பேரைக் கேட்டதும் வீண்.

அந்நாளில் தோட்டங்களிலே விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களைப் பிரட்டுக்கு அழைத்தார்கள். அந்த ஒலியின் கருத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுந்திரு, புறப்படு, இன்ன இடத்துக்கு வா என்பது அதைக் கேட்ட பிள்ளைக்கும் தெரியும். வேலைக்கு அழைக்கும் ஒலி அத்தனை தெளிவாக இருந்த மலையிலே, உயிரைக் காக்க அழைக்கும் ஒலியும் அதே தெளிவோடு இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமான ஆசை அன்று.

ஆகவே, செயலி செய்யும் இளைஞர்களாயினும், விண்ணப்பப் படிவம் எழுதும் உத்தியோகத்தராயினும், எச்சரிக்கை விடுக்கும் அதிகாரியாயினும், அடுத்த வாரம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். அரைகுறையாக இருப்பதையே எடுத்துச் செல்லுங்கள். ஐந்து பேரைக் காணுங்கள். ‘நன்றாக இருக்கின்றதா?’ என்று கேளாது, ‘இது வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு பேசாமல் இருந்து கேளுங்கள். அடுப்பில் சோறு இன்னும் கொதித்துக் கொண்டுதான் இருக்கின்றது; பதம் பார்ப்பதற்கு இதுவே வேளை.