வள்ளத்து விளக்கும் மறைந்திருக்கும் இணைப்பும்



சில ஆண்டுகளுக்கு முன்னர், கரையோரக் கிராமமொன்றின் பாடசாலையில் நான் கடமையாற்றிய காலத்தில், ஒருநாட் காலை மாணவன் ஒருவன் வகுப்புக்குப் பிந்தி வந்தான். காரணம் வினவினேன். "ஐயா, அப்பா விடிஞ்சாப்பிறகுதான் கரைக்கு வந்தவர். இரவு வள்ளத்தில வெளிச்சம் நிண்டு போச்சு" என்றான்.

நடந்தது இதுதான். வலையை விரித்துவிட்டுத் தந்தையார் காத்திருக்கையில் விளக்கு மங்கி அணைந்தது. அவ்வேளை பெரிய படகொன்று அவரை நோக்கி நேரே வந்தது. கையிலிருந்த ரோச் விளக்கை அவர் ஆட்டியும், குரல் எழுப்பியும், மிகக் கிட்டிய பின்னரே அது விலகிச் சென்றது. இரண்டு நாள் கழித்து அம்மாணவன் கடதாசியிற் சுற்றிய ஒரு கம்பித் துண்டை என் மேசைமீது வைத்தான். இரு கம்பிகளை முறுக்கி, மேலே ஒட்டுநாடா சுற்றிய இணைப்பு அது. நாடாவை நீக்கினேன். செம்பு இருக்கவேண்டிய இடத்திற் பச்சைத் தூள் உதிர்ந்தது. பற்றரியில் மின்னேற்றம் நிறைய இருந்தது, மின்குமிழும் புதியது. பழுது அந்த ஓர் அங்குலத்தில் மாத்திரமே இருந்தது.

நான் கலைப் பட்டதாரி, மின்தொழில் கற்றவனல்லன். எனினும் அத்துண்டு என்னை விடவில்லை. தொழில் அறிந்தாரிடம் கேட்டும், நூல்களைப் பார்த்தும் அறிந்தவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் விளக்கின் கடமையை நோக்குவோம். கடலில் மோதுகையைத் தடுப்பதற்கென 1972 ஆம் ஆண்டு உருவாகி, 1977 இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதிகள் உள்ளன. அவற்றின்படி 12 மீற்றருக்குக் குறைந்த இயந்திர வள்ளம், இரவில் ஓடுகையில், எத்திசையிலிருந்தும் தெரியும் வெள்ளை விளக்கொன்றையும், இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை ஆகிய பக்க விளக்குகளையும் காட்டலாம். வலை விரித்துத் தொழில் செய்கையிற் சிவப்பின் கீழ் வெள்ளை என இரு விளக்குகள் காட்டப்படும். அவ்வெள்ளை விளக்கு இரண்டு கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீற்றர் தூரத்திற்குத் தெரிதல் வேண்டும். ஆகவே, வள்ளத்து விளக்கு நாம் பார்ப்பதற்கு மாத்திரம் உரியதன்று. பிறர் நம்மைப் பார்ப்பதற்கும் உரியது.

இனி மின்சாரம் செல்லும் வழியைக் காண்போம். சிறு வள்ளங்களிற் பெரும்பாலும் பயன்படுவது 12 உவோற்றுப் பற்றரி. நம் வீடுகளில் உள்ளதோ 230 உவோற்று. ஒரே அளவு வலுவைப் பெறுவதற்கு, வள்ளத்துக் கம்பியில் வீட்டுக் கம்பியிலும் பார்க்க ஏறத்தாழப் பத்தொன்பது மடங்கு மின்னோட்டம் பாய வேண்டும். இதனாலேயே மெல்லிய கம்பி வள்ளத்துக்கு ஆகாது. ஓர் உதாரணம் கூறுவேன். பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரத்திலுள்ள நீரிறைக்கும் பம்பி 5 அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறதெனக் கொள்வோம். போக வர 10 மீற்றர் கம்பி வேண்டும். கம்பியின் குறுக்கு வெட்டு 1 சதுர மில்லிமீற்றர் ஆயின், ஏறத்தாழ 0.9 உவோற்று வழியிலேயே வீணாகும். 2.5 சதுர மில்லிமீற்றர் ஆயின் அவ்விழப்பு 0.4 உவோற்றுக்கும் குறையும்.

கம்பி பல மெல்லிய இழைகளாலானதாயும், ஒவ்வோர் இழையும் வெள்ளீயம் பூசியதாயும் இருத்தல் நன்று. ஒற்றைத் தடித்த கம்பி, அலையின் அதிர்வினால் நாளடைவில் முறியும். பூச்சில்லாத செம்போ உப்பு நீரை உறிஞ்சி, உறைக்குள்ளேயே நெடுந்தூரம் கறுத்துவிடும்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பி, பற்றரிக்கு மிக அண்மையிலேயே பிரதான உருகியை அடைதல் வேண்டும். உருகி காப்பது விளக்கையன்று; கம்பியை. பற்றரியின் இரு முனைகளும் தவறித் தொடுமாயின் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து கம்பியைத் தீயாக்கும். எரிபொருள் ஏற்றிய கண்ணாடியிழை வள்ளத்தில் அத்தீயின் விளைவை விளக்க வேண்டியதில்லை. பிரதான உருகிக்கு அப்பால் ஆளியும், பின்னர் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி உருகியும் அமைக. பம்பியின் பழுது விளக்கை அணைக்காதிருத்தற்கு இதுவே வழி.

பற்றரியை மூடியுள்ள பெட்டியில் வைத்து, புரளாவண்ணம் கட்டுதல் வேண்டும்; பெட்டிக்குக் காற்றோட்டமும் வேண்டும். ஈய அமிலப் பற்றரி மின்னேறும்போது எளிதிற் பற்றும் ஐதரசன் வாயு வெளிப்படும். பெற்றோல் ஆவியோ காற்றிலும் பாரமானதாதலின் வள்ளத்தின் அடியில் தங்கும். எனவே எரிபொருட் கலனும் பற்றரியும் அருகருகே இருத்தல் கூடாது.

கையால் இழுத்து இயக்கும் இயந்திரங்கள் பல பற்றரிக்கு மின்னேற்றுவதில்லை. கரையில் ஏற்றிய மின்னே இரவு முழுவதற்கும் போதவேண்டும். 10 உவாற்று மின்குமிழ் பத்து மணித்தியாலத்தில் எட்டு அம்பியர்-மணிக்கு மேற் செலவிடும். இன்றைய எல்.ஈ.டி. விளக்கு 2 உவாற்றுடையதாயின் இரண்டுக்கும் குறைவாகவே செலவிடும். ஆனால் மலிவான சில எல்.ஈ.டி. விளக்குகள் தொடர்பு வானொலியில் இரைச்சலை உண்டாக்குவதுண்டு. வாங்குமுன் வானொலியை இயக்கிப் பார்த்தல் நலம்.

இப்பொழுது அந்தப் பச்சைத் தூளுக்கு வருகிறேன். "உருகி இருந்தும் ஏன் காக்கவில்லை?" என நீங்கள் கேட்கலாம். உருகி மிகையான மின்னோட்டத்தை மாத்திரமே அறியும். அரித்த இணைப்பு ஓட்டத்தைத் தடுத்துக் குறைக்கின்றது. குறைவதை உருகி அறியாது. விளக்கு சிறிது சிறிதாக மங்கும், ஒருநாள் அணையும். இப்பழுதை உருகி முன்கூட்டிச் சொல்லாது. மனிதன் கண்ணாற் காணவேண்டும்.

ஆதலின், இயன்றவரை இடையில் இணைப்பின்றி ஒரே கம்பியை இடுக. இணைப்பு இன்றியமையாததாயின், உரிய முனைத்துண்டைக் குறடு போன்ற கருவியால் நெரித்துப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள, வெப்பத்தாற் சுருங்கும் குழாயால் மூடுக. முறுக்கி நாடா சுற்றுதல் கடலுக்குப் போதாது. இணைப்பை அடிநீர் தொடாத உயரத்தில், கை எட்டும் இடத்தில் வைத்திடுக. கம்பி விளக்கினுள் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு விட்டால், வழியும் நீர் அத்தாழ்விற் சொட்டிவிடும், உள்ளே புகாது. திசையறி கருவியின் அருகே செல்லும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுக. இல்லையேல் மின்னோட்டத்தின் காந்தம் முள்ளைப் பிழைபடச் செய்யும்.

எல்லாம் செய்த பின்னரும், ஒவ்வொரு மாலையும் கரையை விட்டகலுமுன் விளக்கை ஏற்றிப் பாருங்கள். முன்னைய நாளிலும் மங்கலாயின் இணைப்பைத் தேடுங்கள். ரோச் விளக்கொன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அன்றிரவு அத்தந்தையைக் கரைசேர்த்தது அதுவே.

அக்கம்பித் துண்டை நான் எறியவில்லை. விஞ்ஞான ஆசிரியர் அதனை ஆய்வுகூடத்தில் வைத்துப் பாடம் நடத்தினார். அம்மாணவனும், அவன் நண்பர் இருவரும் அடுத்த விடுமுறையில் தத்தம் வீட்டு வள்ளங்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தனர். பழுதானவை இன்னும் நான்கு இருந்தன.